மூன்று பேர் வேலை

பிற்பகல் 2.40.

காவற்காரன் குப்பன் லாசுப்பேட்டை விமான மைதானத்துக்குத் திரும்பி வந்தபோது இரண்டு விமானங்களும் முட்டிக்கொண்டு நின்றன.

காலை பதினொரு மணிக்கு அவன் கிளம்பியபோது அவை அப்படி இல்லை. முன்னால் ஒன்று, அதற்குச் சற்று வலப்புறம் தள்ளிப் பின்னால் ஒன்று. இரண்டும் கடலைப் பார்த்து மூக்கை நிமிர்த்திக்கொண்டு, நடுவே ஒரு மாட்டு வண்டி தாராளமாகப் போகிற இடைவெளியோடு நின்றிருந்தன. அன்றைக்கு மாசி மகம். 1958-ஆம் வருஷத்து மாசி மகம். சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்துவிட்ட நாளில், குப்பன் மட்டும் இரண்டு டக்கோட்டா விமானங்களை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானா? போனான், கும்பிட்டான், சுண்டல் தின்றான், வந்தான்.

பொன்னி ஏர் சர்வீஸ் கம்பெனிக்குச் சொத்து என்று இருந்ததே அந்த இரண்டு விமானங்கள்தான். சண்டைக் காலத்துச் சரக்கு. முன்னால் நிற்பதை மூத்தவள் என்றும் பின்னால் நிற்பதை இளையவள் என்றும் மைதானத்தில் கூப்பிடுவார்கள். இப்போது இளையவள் நாலு கஜம் முன்னுக்கு வந்து, தன் இடது இறக்கை நுனியை மூத்தவளின் வால் துடுப்பில் குத்திவைத்திருந்தாள். நுனி நசுங்கிப் போயிருந்தது. துடுப்பின் துணி கிழிந்து தொங்கியது.

உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று குப்பன் ஏறிப் பார்த்தான். பிறகு மேனேஜர் வீட்டுக்கு ஓடினான். 3.10-க்கு மேனேஜர் போலீசுக்குப் போன் செய்தார்.

போலீஸ் ஸ்டேஷனில் பிரிகாதியே தேவதாஸ் மட்டும் இருந்தார்.

பிரெஞ்சுக்காரன் போய் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியும் பிரிகாதியே என்ற பழைய போலீஸ் பதவிப் பெயரும், ஐயா என்பதற்குப் பதிலாக ஊரார் சொல்லும் முசேயும் அவரை விட்டுப் போகவில்லை. மற்றதெல்லாம் போய்விட்டது. மனைவி கல்லறைக்குப் போனாள். ஒரே மகன் மர்செய் பட்டணத்துக்குப் போனான். புது வருஷத்துக்கு ஒரு கார்டு போடுவான், அதிலும் பாதிக்கு மேல் அச்சடித்த வாசகம். குருசுக்குப்பத்து வீட்டில் பேச்சுத் துணைக்கு ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது, அதுவும் அடிக்கடி நின்றுவிடும். மாசி மகம், தீபாவளி, கிறிஸ்துமஸ் எதுவானாலும், "நீங்க போங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்று டூட்டியை வாங்கிக்கொள்வார். நல்ல மனுஷன் என்று சகபாடிகள் மெச்சினார்கள். வீட்டுக்குப் போகப் பயந்த மனுஷன் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

அவர் தம் சைக்கிளை எடுத்தார். பின் மட்கார்டில் ஒரு நீளக் கீறல். அது முடிகிற இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு ஓட்டை. சைக்கிள் கடைக்காரன் அம்மாவாசை போட்டுக்கொடுத்த ஓட்டை அது. எதற்கு என்று அவர் கேட்டதில்லை. ஊர் முழுக்கக் கடற்கரையில் மேளம் கேட்டுக்கொண்டிருக்க, ஆளில்லாத தெருக்களில் அந்த மட்கார்டு மட்டும் லொட லொடவென்று அவரோடு பேசிக்கொண்டே வந்தது.

மாலை 3.45.

செம்மண் மேட்டில் கடற்காற்று முகத்தில் அறைந்தது. வேலியோரப் பனைகளின் காய்ந்த மட்டைகள் மொத்தமும் மேற்கே சாய்ந்து சலசலத்தன. மேனேஜர் வைத்திலிங்கம் மதராஸ்காரர், வெள்ளைக் கால்சட்டை, மடிப்புக் கலையாத சட்டை. பிரிகாதியே சைக்கிளை நிறுத்துவதற்குள் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

டிராக்டர் டிரைவர் ஆதிமூலம் வைத்திக்குப்பத்து ஆள். சாமி தூக்க வேண்டும் என்று லீவு கேட்டானாம். நாளைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, இளையவள் பதினெட்டுப் பிரயாணிகளோடு பெங்களூர் போகவேண்டும்; வேலை கிடக்கிறது, லீவு இல்லை என்று இவர் சொன்னாராம். அவன் முறைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டானாம். போகிற கோபத்தில் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்கவில்லை. காற்று அடித்தது, விமானம் உருண்டது. அவ்வளவுதான் விஷயம்.

"சேதம் பெரிசா?" என்று தேவதாஸ் கேட்டார்.

அதில் மேனேஜருக்குக் கொஞ்சம் தெம்பு இருந்தது. இறக்கை நுனி தனியாகப் போல்ட்டு போட்டுச் சேர்ப்பது, ஷெட்டில் ஒன்று உபரியாக இருக்கிறது. வால் துடுப்புக்கு வேறு துணி ஒட்டி வார்னிஷ் அடித்தால் முடிந்தது. வேறு எங்கே பட்டிருந்தாலும் மாசக்கணக்கில் படுத்துவிடும். கடவுள் காப்பாற்றினார், வெள்ளிக்கிழமை பறந்துவிடலாம் என்றார்.

இறக்கையின் அடியில் குனிந்துகொண்டிருந்த ஒருவர் அதைக் கேட்டு நிமிர்ந்தார். விமானங்களைப் பழுது பார்க்கும் தரை என்ஜினியர் கோவிந்தராசு. ஐம்பது வயதிருக்கும், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. ஷெட்டை ஒட்டிய ஒற்றை அறையில்தான் குடியிருப்பு. மாசி மகம் பார்க்கப் போயிருந்ததாகவும் 3.30-க்குத்தான் திரும்பியதாகவும் சொன்னார்.

"வந்ததும் என்ன செஞ்சீங்க?"

"முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டிவிட்டேன் முசே. அடிபட்ட விமானம், பெட்ரோல் கசிஞ்சிருந்தா ஒரு பொறி போதும்."

"நல்ல காரியம்."

"இங்க வந்து பாருங்க."

இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில், அடித் தகட்டில், முடி கனத்தில் ஒரு விரிசல் ஓடியது. நசுங்கிய நுனியிலிருந்து வெகு தூரம். விரிசலின் நடுவழியில் ஆணி ஒன்று கழன்று விழுந்தாற்போல ஒரு சின்னத் துளை இருந்தது. துளையைத் தாண்டி விரிசல் இன்னும் ஒரு விரற்கடை போயிருந்தது. தேவதாஸ் துளையின் விளிம்பைச் சுண்டு விரலால் தடவிப் பார்த்தார். விளிம்பிலும் வெள்ளிப் பெயின்ட் வழவழவென்று இருந்தது. அதைத் தாண்டிய கோட்டில் பெயின்ட் இல்லை, உலோகம் பளிச்சென்று மின்னியது.

"இன்னிக்கு இடிச்ச அதிர்ச்சியில விட்ட விரிசல்" என்றார் கோவிந்தராசு. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க ரப்போர்ல இதை எழுதுங்க. இறக்கையைக் கழட்டி மதராஸ் இன்ஸ்பெக்டர் பாக்கணும்னு எழுதுங்க."

மேனேஜருக்குக் காது கூர்மை. விரிசலாவது ஒன்றாவது, பழைய பெயின்ட் வெடித்திருக்கும், போலீஸ்காரருக்கு விமான வைத்தியம் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று அதட்டினார். என்ஜினியர் வாயை மூடிக்கொண்டார். அதட்டலுக்குப் பழகிய வாய் என்று தேவதாஸ் நினைத்துக்கொண்டார்.

ரப்போர் என்கிற போலீஸ் அறிக்கையை எழுதி முடிக்கும்வரை விமானங்களை யாரும் நகர்த்தக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, எழுதுவதற்காகத் தேவதாஸ் மேனேஜர் அறை மேஜையில் உட்கார்ந்தார். கண்ணாடிக் குண்டுக்கு அடியில் ஒரு ரயில்வே ரிசர்வேஷன் சீட்டு இருந்தது. வியாழன் இரவு விழுப்புரத்தில் ஏறி, வெள்ளி காலை பெங்களூர். வைத்திலிங்கம் பெயரில்.

மாலை 5.20.

ஆதிமூலத்தைக் கடற்கரையிலிருந்து அழைத்து வந்தார்கள். முப்பது வயது. ஈர வேட்டி. வலது தோளில் சாமி தூக்கிய கொம்பு பதிந்து தோல் கன்றிப் போயிருந்தது.

"நேத்து சாயங்காலம் கட்டை வெச்சியா?"

"வெச்சேன் முசே. நாலும் வெச்சேன்."

"காத்து தள்ளிடிச்சுன்னு மேனேஜர் சொல்றாரு."

ஆதிமூலம் விமானங்களைப் பார்த்தான், பனை மட்டைகளைப் பார்த்தான். சிரித்தே விட்டான். சிரித்திருக்கக் கூடாது.

"உச்சி சாஞ்சா காத்து கடல்லேர்ந்துதான் வரும். எங்க குப்பத்துல தவழற புள்ளைக்கும் தெரியும். இது மூஞ்சி கடலைப் பாத்துல்ல நிக்குது? தள்ளினா பின்னுக்குத்தான் போவணும். காத்தை எதுத்து எப்படி முன்னுக்கு வரும்?"

தேவதாஸ் வந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்ததும் அதுதான். ஆனால் மேனேஜர் அசரவில்லை. அப்படியானால் டிராக்டர் வைத்து இழுத்திருக்கிறார்கள்; டிராக்டர் டிரைவர் இங்கே ஒரே ஒருத்தன்; மறந்தது என்று நினைத்தேன், வேண்டுமென்றே செய்தது என்று அவனே ஒப்புக்கொள்கிறான் என்றார். தன் கழுத்துச் சுருக்கைத் தானே இழுத்துவிட்டோம் என்பது ஆதிமூலத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"டிராக்டர்னா அது மூணு பேர் வேலை முசே" என்றான் திக்கியபடி. "ஒருத்தன் டிராக்டர்ல. ஒருத்தன் உள்ள உக்காந்து பிரேக்கைப் புடிக்கணும். ஒருத்தன் எறக்கை நுனியோட நடந்து கையைக் காட்டணும். ஒண்டியா யாரும் எடுக்கறதில்ல. நான் பகலெல்லாம் சாமிக்குக் கீழ இருந்தேன், நூறு பேரு பாத்தாங்க."

நூறு பேரும் அவன் சொந்தக்காரர்கள், அவனுக்காகத்தான் சொல்வார்கள் என்றார் மேனேஜர். போலீஸ் மேலதிகாரி கொமிசேருக்குப் போன் போயிற்று. விமானக் கம்பெனி சமாசாரம், பெரிய இடத்துப் பிரயாணிகள். விசாரணை முடியும்வரை டிரைவர் உள்ளே இருக்கட்டும் என்று கொமிசேர் சொல்லிவிட்டார்.

மாலை 6.30.

ஸ்டேஷன் வாசலில் ஆதிமூலத்தின் மனைவி சின்னப்பாப்பா தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவதாசுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இவுரோட அண்ணனுங்க ரெண்டு பேரும் கடலுக்குப் போயித் திரும்பல" என்றாள். "இவுரையாவது தரையில வெச்சுக்கலாம்னு நாந்தான் மல்லுக்கட்டி இந்த வேலைக்கு அனுப்பினேன். இது போச்சுன்னா நாளைக்கே கட்டுமரத்துல ஏறிடுவாரு. அவுரு செஞ்சிருக்க மாட்டாரு முசே. செஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பாரு."

சொல்ல ஒருத்தி இருக்கிறாள் என்ற நிச்சயத்தில் அவள் அதைச் சொன்னாள். தேவதாசுக்கு அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் தங்கிவிட்டது. அன்று வீட்டில் ஆறிய சோற்றைப் பிசைந்துகொண்டு அதையே நினைத்தார். தாம் ஒரு குற்றம் செய்தால் யாரிடம் சொல்வார்? கடிகாரம் நின்றிருந்தது. சாவி கொடுக்கத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை 8.15.

மட்கார்டின் லொடலொடப்பு தாங்காமல் அம்மாவாசை கடையில் இறங்கினார். திருகாணி ஒன்று தளர்ந்திருந்தது. அம்மாவாசை அதை முடுக்கும்போது தேவதாசின் கண் கீறலின் முனையிலிருந்த ஓட்டையில் விழுந்தது. விழுந்த கண் அங்கேயே நின்றது.

"இந்த ஓட்டை எதுக்குப்பா போட்டே?"

"கீறல் ஓடாம இருக்கத்தான். கூர் முனை இருக்கற வரைக்கும் அது ஓடிக்கினே இருக்கும். முனையில வட்டமா ஒண்ணு போட்டுட்டா நின்னுடும். தகட்டு வேலை செய்யறவன் எவனும் கீறலைப் பாத்தா மொதல்ல அதைத்தான் செய்வான், கை தானா போவும்."

"ஓட்டையையும் தாண்டிக் கீறல் போச்சுன்னா?"

"தகட்டைத் தூக்கிப் போட்டுட்டு வேற மாத்தணும். வேற வழி கெடையாது."

தேவதாஸ் மைதானத்துக்குப் போனார். குப்பனைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டே கேள்விகள் கேட்டார்.

"நேத்து வந்ததும் உள்ள ஏறினியே, என்ன பாத்தே?"

"ஒண்ணும் பாக்கல முசே. ஜன்னல் திரையெல்லாம் மூடிக் கெடந்துச்சு. தெனம் கூட்டறப்ப போடுற லைட்டு, அதைத் தட்டினேன், எரியல. சாமி குத்தமோன்னு பயந்து குதிச்சிட்டேன்."

"டிராக்டர் கெட்டுப் போனா யாரு பாக்கறது?"

"என்ஜினியருதான். பாத்து முடிச்சிட்டு மைதானத்தை ரெண்டு சுத்து சுத்திட்டு வந்து நிறுத்துவாரு."

மாலை 4.00.

புதுச்சேரி போலீசின் சரித்திரத்தில் அப்படி ஒன்று நடந்திருக்காது: பிரிகாதியே சைக்கிள் மிதிக்க, லாக்கப் கைதி பின்னால் கேரியரில் உட்கார்ந்து வந்தான். இளையவளின் இறக்கைக்கு அடியில் மேனேஜரும் கோவிந்தராசும் குப்பனும் நின்றார்கள். புது இறக்கை நுனி பக்கத்தில் தார்ப்பாயின் மேல் தயாராக இருந்தது.

"ரப்போர் முடிஞ்சுதா?" என்றார் மேனேஜர். "ஏழு மணிக்கு நான் கெளம்பணும்."

"தெரியும். ரயிலுக்கு. இதோ முடிச்சிடறேன்." தேவதாஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "காத்து இல்லை. டிராக்டர்தான். மூணு பேர் வேலையை ஒருத்தரு ஒண்டியா செஞ்சிருக்காரு. மொதல்ல நானும் கோவக்காரன் எவனோன்னுதான் நெனச்சேன். ஆனா கோவத்துல இடிக்கறவன் எங்க வேணா இடிப்பான். இவரு இடிச்ச எடத்தைப் பாருங்க. ஒரு பக்கம் போல்ட்டைக் கழட்டி மாத்தற நுனி, இன்னொரு பக்கம் வெறும் துணி. புள்ளையை அடிக்கற தாய் முதுகு பாத்து அடிக்கறாப்பல அடிச்சிருக்காரு."

குப்பன் கிழிந்த வால் துணியைத் திரும்பிப் பார்த்தான்.

"ரெண்டாவது பேட்டரி. மூணரைக்கு வந்து ஒயரைக் கழட்டினேன்னு என்ஜினியர் சொன்னாரு. ரெண்டு நாப்பதுக்கே குப்பன் லைட்டைத் தட்டியிருக்கான், எரியல. அப்ப ஒயர் முன்னாடியே கழண்டிருக்கு. இடிச்சா தீப்பிடிக்குமேன்னு இடிக்கறதுக்கு முன்னாலயே கழட்டி வெச்சவரு. ஷெட்டுல டிராக்டர் சாவி மாட்டற ஆணியும், டிராக்டர் ஓட்டற விதமும் தெரிஞ்சவரு."

கோவிந்தராசு தலையைக் குனிந்துகொண்டார்.

"இது ரெண்டும் இல்லாட்டியும் அந்த ஓட்டை போதும். இன்னிக்கு விட்ட விரிசல்னு நேத்து காட்டினீங்க. விரிசல் நடுவுல ஓட்டை இருக்குது. அது கழண்ட ஆணி இல்ல, துரப்பணம் வெச்சுப் போட்டது. சுத்தி பெயின்ட் அடிச்சுக் காஞ்சு எத்தனையோ நாளாச்சு. இடிக்கறதுக்கு ரொம்ப முன்னாலயே விரிசல் இருந்துச்சு. முனையில ஓட்டை போட்டு நிறுத்தப் பாத்தீங்க. நிக்கல. தாண்டிப் போயிடிச்சு. ஓட்டைக்கு அந்தப் பக்கம் மின்னுதே, அதைப் பாத்துட்டுதான் இடிச்சீங்க. சரிதானா கோவிந்தராசு?"

"சரிதான்" என்றார் கோவிந்தராசு. சுமையை இறக்கிவைத்த ஆளின் பெருமூச்சுதான் வந்தது.

மெல்ல மெல்லச் சொன்னார். தை மாசத்தில் விரிசலைப் பார்த்ததும் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். சித்திரைவரை ஓட்டு, பிறகு இறக்கையை மாற்றலாம், இப்போது குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடு என்று மேனேஜர் சொன்னார். போட்டுவிட்டார். போட்ட பிறகு மதராசுக்கு எழுதினால் தம் லைசென்சே போகும். கையெழுத்துப் போட்ட அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை இளையவள் கிளம்பும்போதும் திரும்பி வரும்வரை அந்தச் செம்மண் மேட்டில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். செவ்வாய்க்கிழமை பார்த்தால் விரிசல் துளையைத் தாண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை பதினெட்டுப் பேர். இறக்கையில் அடி பட்டுவிட்டால் மதராஸ் இன்ஸ்பெக்டர் வந்தே தீரவேண்டும், அவர் கண்ணில் விரிசல் தானாகப் படும் என்று கணக்குப் போட்டார். மேனேஜர் நுனியை மட்டும் மாற்றிப் பறக்கவிடத் துணிவார் என்று எதிர்பார்க்கவில்லை.

"பொய்" என்றார் வைத்திலிங்கம். "எங்கிட்ட இவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. விரிசல் இருக்குன்னே எனக்குத் தெரியாது."

"அப்படியா" என்றார் தேவதாஸ். "உங்க கம்பெனி விமானம் நாளைக்குக் காலையில பெங்களூருக்குப் போவுது. ஒரு மணி நேரத்துல எறங்கிடும். நீங்களும் நாளைக்கு அதே பெங்களூருக்குத்தான் போறீங்க. எதுக்கு சார் ராத்திரி பூரா ரயில்ல குலுங்கிக்கிட்டுப் போறீங்க?"

மேனேஜர் ரயில் சீட்டு இருந்த சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

தேவதாஸ் பையிலிருந்து அரக்கும் நூலும் எடுத்தார். விரிசலுக்குக் குறுக்கே நூலை ஒட்டி, தீக்குச்சி கிழித்து அரக்கை உருக்கி, பழைய போலீஸ் முத்திரையை அழுத்தினார். குற்றத்துக்குச் சாட்சிப் பொருள். மதராஸ் இன்ஸ்பெக்டர் வந்து உடைக்கும்வரை பறக்கக் கூடாது என்றார். அத்தனை பெரிய விமானத்தை ஒரு முழம் நூல் தரையில் கட்டிப்போட்டது. மேனேஜரை நாளைக் காலை பத்து மணிக்குக் கொமிசேர் முன்னால் வரச் சொன்னார். ரயில் சீட்டை அவரிடமிருந்து வாங்கித் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆதிமூலம் இப்போது இரண்டடி முன்னால் வந்தான்.

"என்னை உள்ள தள்ளினப்ப நீ இங்கதான் இருந்தே அண்ணே. ஒரு வார்த்தை சொல்லலியே."

"வெள்ளிக்கிழமை தாண்டட்டும்னு இருந்தேன். நான் உள்ள போயிட்டா இளையவளைத் தடுக்க இங்க ஆளில்ல. தாண்டினதும் நானே வந்து சொல்லியிருப்பேன்." கோவிந்தராசு நிமிர்ந்து பார்க்கவில்லை. "நம்பறதுன்னா நம்பு. நம்பாட்டியும் ஞாயம்தான்."

"எங்கிட்டயாவது மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"தோணல ஆதிமூலம். பதினோரு வருஷமா அந்த அறையில ஒண்டியாக் கெடக்கறேன். யார்கிட்டயாவது சொல்லலாம்ங்கறதே மறந்துபோச்சு."

தேவதாஸ் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அப்போது அவருக்கு வேறு எங்காவது பார்க்க வேண்டியிருந்தது. வேலியோரப் பனைகளைப் பார்த்தார். அந்த வார்த்தையை அவரே சொல்லியிருக்கலாம். வேறு ஒருவர் வாயில் கேட்கும்போது வலித்தது.

போகலாமா என்று கேட்டார். கோவிந்தராசு நகரவில்லை. முட்டிக்கொண்டு நிற்கிற விமானங்களைக் காட்டினார்.

"இப்படியே விட்டுட்டு வர மனசு வரல முசே. ராத்திரி காத்து திரும்பினா வால் துணி இன்னும் கிழியும். இளையவளைப் பின்னுக்கு இழுத்து அவ எடத்துல நிறுத்திட்டு வந்துடறேனே."

"அது மூணு பேர் வேலையாச்சே" என்றார் தேவதாஸ்.

ஆதிமூலம் கொஞ்ச நேரம் தரையைக் காலால் கீறிக்கொண்டு நின்றான். பிறகு ஷெட்டுக்குள் போய் ஆணியிலிருந்த சாவியை எடுத்தான். டிராக்டர் உறுமிக்கொண்டு வெளியே வந்தது. கோவிந்தராசு கழற்றிக் கிடந்த பேட்டரி ஒயரைத் தொடாமல், ஏணியில் ஏறி உள்ளே போய்ப் பிரேக்கில் கால் வைத்தார். கண்ணாடி ஜன்னல் வழியே அவர் தலை தெரிந்தது. குப்பன் சக்கரக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

பிரிகாதியே தேவதாஸ் இறக்கை நுனிக்குப் போனார். நசுங்கிய தகட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார். டிராக்டரில் இருந்தவனும் விமானத்துக்குள் இருந்தவரும் அந்தக் கையையே பார்த்தார்கள். அவர் கையை அசைத்தார். இளையவள் வலிக்காமல் விடுபட்டுப் பின்னுக்கு நகர்ந்தாள். அவர் அவளோடு நடந்தார். பழைய இடம் வந்ததும் கையை மடக்கினார். மூன்று பேரும் ஒரே சமயத்தில் நின்றார்கள்.

கட்டை வைத்தாயிற்று. கோவிந்தராசு கெரசினில் கை கழுவிக்கொண்டு வந்து, கிளம்பத் தயார் என்பதுபோல் நின்றார்.

"அண்ணே" என்றான் ஆதிமூலம், டிராக்டரை விட்டு இறங்காமலே. "ஸ்டேஷன்ல கொசு ஜாஸ்தி. போர்வை எடுத்துக்கினு போ."

கோவிந்தராசு அறைக்குப் போய்ப் போர்வையை எடுத்து வந்தார். அவசரமாகப் பூட்டைத் தேடினார். பூட்டு கிடைக்கவில்லை. அறையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று குப்பன் சொன்னான். நீ வீட்டுக்குப் போ என்று தேவதாஸ் சொன்னதும் ஆதிமூலம் வைத்திக்குப்பம் போகும் வழியைப் பிடித்தான். சின்னப்பாப்பா உலை வைத்திருப்பாள்.

தேவதாஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோவிந்தராசுவோடு நடந்தார்.

"லைசென்ஸ் போயிடும் இல்ல?" என்றார் கோவிந்தராசு.

"போயிடும்."

"பதினெட்டுப் பேரும் ரயில்ல போவாங்க இல்ல?"

"போவாங்க. நானே ரயில் டேசனுக்குச் சொல்லி அனுப்பறேன்."

கோவிந்தராசு தலையை ஆட்டிக்கொண்டார். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். ஸ்டேஷனில் இன்றைக்கு இரவு யார் இருப்பார்கள் என்று கேட்டார்.

"நாந்தான் இருப்பேன்" என்றார் தேவதாஸ். "தூக்கம் வராது எனக்கு. மொதல்லேர்ந்து சொல்லுங்க, கேக்கறேன்."